ஈரலைக் கொஞ்சம் காட்டுங்க

கூடாரத்து வாசலில் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தியதும் திலேக் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

கறுப்பு ஆடு. நன்றாகக் கொழுத்த ஆடு. அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார் வீட்டுக்காரர் கல்முரத்.

"ஆசி சொல்லுங்க தம்பி. வெயில் இறங்குறதுக்குள்ள அறுத்துடலாம்."

"அண்ணே, எனக்கு எதுக்கு ஆடு? நாலு கேள்வி கேட்டுட்டுக் கிளம்பிடுவேன். டீ போதும்."

கல்முரத் ஆட்டைப் பார்த்தார். திலேக்கைப் பார்த்தார். ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார். திலேக் நிம்மதியாக மூச்சு விட்டான். சற்று நேரத்தில் அவர் ஒரு வெள்ளை ஆட்டோடு திரும்பி வந்தார். முன்னதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. அதன் வால்கொழுப்பு தலையணை மாதிரி பின்னால் ஆடியது.

"இது பரவாயில்லையா?"

"நான் சின்னதுன்னு சொல்லலண்ணே. வேண்டாம்னு சொன்னேன்."

"புரியுது தம்பி, புரியுது."

வெள்ளை ஆட்டை அங்கேயே விட்டுவிட்டு அவர் மறுபடி திரும்பினார். இந்தத் தடவை குதிரைகள் கட்டியிருந்த பக்கமாக நடந்தார்.

திலேக் எழுந்து ஓடினான். வெள்ளை ஆட்டின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து, தெரிந்த ஆசியையெல்லாம் மளமளவென்று சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டான். ஒரு கேள்விகூட இன்னும் கேட்கவில்லை, அதற்குள் ஓர் உயிர் போகப்போகிறதே என்று அவனுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் குதிரை தப்பித்தது.

இதற்கெல்லாம் காரணம் டைரக்டர் எசென்குல்தான்.

நாரின் நகரத்து ஓரத்தில் மலையடி வட்டார ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. மொழி, மக்கள் நலம், காட்டு விலங்கு, விவசாயம் என்று நாலு பிரிவு. பிரிவுக்கு ஓர் ஆள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஜீப். விவசாயப் பிரிவில் திலேக்குக்கு மேய்ச்சல் புல். பதினான்கு வருஷமாகப் புல்லைத் தவிர அவன் வேறு எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இலையுதிர் காலத்துக்குள் அறிக்கை கொடுக்காத பிரிவுகளை மூடிவிடப்போவதாகத் தலைநகரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். மொழிப் பிரிவு அம்மாள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மக்கள் நல டாக்டர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். விலங்குப் பிரிவுக்காரர் குதிரையிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். மிச்சம் இருந்தது திலேக் மட்டும்.

"நாலையும் நீயே பார்த்துடு," என்றார் எசென்குல்.

"நான் புல்லுக்காரன் சார்."

"புல்லை ஆடு திங்குது. ஆட்டை ஓநாய் திங்குது. ஆட்டால மனுஷனுக்கு நோய் வருது. இதையெல்லாம் மனுஷன் வாயால சொல்றான். நாலும் ஒண்ணுதான்யா."

"எத்தனை வீடு சார்?"

"ஒரே வீடு. மேல மேய்ச்சல்ல கல்முரத்னு ஒருத்தர் இருக்கார்."

"நாலு துறைக்கும் ஒரே வீடா?"

"அகலமா உழ ஆயிரம் பேர் இருக்கான். நாம ஆழமா உழுவோம்." எசென்குல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் அனுப்பினேன்னு சொல்லு. எதையும் பட்டுனு கேட்டுடாதே. குடுக்கறதைச் சாப்பிடு. அவங்க எது கேட்டாலும் உண்மையைச் சொல்லு. அறிக்கை வரலேன்னா உன் புல்லு மொத்தமும் குப்பைக்குப் போகும், ஞாபகம் வச்சுக்கோ."

அது போதும் திலேக்குக்கு. ஓட்டை ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டான். "எசென்குல் ஐயா அனுப்பினார்" என்ற ஒரு வார்த்தைக்குக் கல்முரத் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து, அறிக்கை பாதி முடிந்த மாதிரிதான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதன்பிறகுதான் ஆடு வந்தது.

போகட்டும், அறுக்கிற ஆட்டையாவது ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவோம் என்று தோன்றியது. மக்கள் நலப் பகுதியில் ஈரல் நீர்க்கட்டி நோயைப் பற்றி விசாரிக்க வேண்டியிருந்தது. ஆட்டு ஈரலில் கட்டி இருந்தால், அது நாய்க்குப் போய், நாயிலிருந்து மனிதனுக்கு வரும். விவசாயப் பகுதிக்கோ வால்கொழுப்பின் கனம் முக்கியம். புல் எப்படி இருக்கிறது என்பதை வால் சொல்லிவிடும். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கல்முரத்திடம் போனான்.

"அண்ணே, ஈரலைக் கொஞ்சம் காட்டுங்க. முழுசா வேணும். வால்கொழுப்பையும் தனியா எடுத்து வைங்க."

கத்தி நின்றது.

"ரெண்டையுமா தம்பி?"

"ரெண்டும்தான். அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

கல்முரத் மெல்ல எழுந்தார். கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் திலேக்கின் கையைப் பிடித்து அழுத்தினார். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. புகையாக இருக்கும் என்று திலேக் நினைத்தான்.

"புபுசாரா," என்று கூடாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாலையும் ஈரலையும் கேக்குறார்."

உள்ளே ஏதோ ஒரு கிண்ணம் விழுந்து உருண்டது.

வீட்டில் மூன்று பேர்தான். கல்முரத்தின் மனைவி மருமகளின் பிரசவத்தைப் பார்க்க நகரத்துக்குப் போயிருந்தாள். தங்கை புபுசாரா நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு இருந்தார். கல்முரத்தின் மகள் கனிஷாய் கீழே பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர், கோடை விடுமுறைக்கு மேலே வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். டீ ஊற்றும்போது கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பமாட்டாள். நிரப்பிக் கொடுத்தால் சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். திலேக்குக்கு அவள் ஊற்றியது கால் கிண்ணம்கூட இல்லை. குடித்துக் குடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

கறி வேகும் நேரத்தில் வேலையை ஆரம்பித்தான். முதலில் மொழி.

"கல்யாணமாகிப் போன பொண்ணுங்க புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரைச் சொல்ல மாட்டாங்க இல்லையா? அதுக்குப் பதிலா இந்தப் பக்கம் என்ன சொல்வாங்க?"

கல்முரத் இருமினார். கனிஷாய் குனிந்து டீ கொதிக்கும் சமோவாரில் கரியைக் கிளறினாள். புபுசாராதான் நிதானமாகப் பதில் சொன்னார்.

"எங்க மாமனார் பேரு காட்டுல ஊளையிடுமே, அது. அதனால நான் இன்னைக்கும் அதை 'ஊளையிடறது'ன்னுதான் சொல்றேன். ஒரு தடவை அது பட்டிக்குள்ள வந்துடுச்சு. பேரைச் சொல்லிக் கத்த முடியல. ஊளையிடறது வந்திருக்கு, ஊளையிடறது வந்திருக்குன்னு கத்துறேன், எல்லாரும் மாமனார் பாடறார்னு நினைச்சுத் தூங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அகப்பையை எடுத்துக்கிட்டு நானே போனேன்."

விலங்குப் பகுதியும் இதிலேயே வந்துவிட்டது என்று திலேக் குஷியாக எழுதிக்கொண்டான். அடுத்தது மக்கள் நலம்.

"வீட்டுல யாருக்காவது நாள்பட்ட வியாதி, ஆபரேஷன், அந்த மாதிரி?"

"எங்க வம்சத்துல எண்பதுக்குக் கீழே யாரும் போனதில்ல," என்றார் கல்முரத்.

"ரத்தக் கொதிப்பு, சர்க்கரை?"

"கிடையாது."

"பல்லு?"

"எல்லாம் சொந்தப் பல்லு," என்றார் புபுசாரா. கனிஷாய் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இவ்வளவு ஒத்துழைப்பைத் திலேக் எந்த மேய்ச்சலிலும் கண்டதில்லை. பூரித்துப்போய் விவசாயப் பகுதிக்கு வந்தான்.

"ஆடு எத்தனை இருக்கும்ணே?"

"ஐநூறு."

திலேக் நிமிர்ந்தான்.

"அறுநூறுன்னே போட்டுக்கங்க தம்பி. குதிரை தனி. நாரின்ல ஒரு வீடும் இருக்கு, பூட்டித்தான் கிடக்கு."

எழுதுகிற கை அப்படியே நின்றுபோனது. இந்த மலையில் அவன் பார்த்த எந்த மனிதனும் ஆட்டைக் கூட்டிச் சொன்னதில்லை. வரிக்குப் பயந்து, கண்ணேறுக்குப் பயந்து, பழக்க தோஷத்தினாலும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார்கள். ஆட்டுக்கு மேல் ஆடு சேர்த்து, குதிரையும் சேர்த்து, வீட்டையும் சேர்த்துச் சொல்கிற சமயம் ஒன்றே ஒன்றுதான். பெண் கொடுக்கிற சமயம்.

அப்போதுதான் அவனுக்கு வாலும் ஈரலும் உறைத்தன.

இரண்டு வீட்டுக்காரர்களும் வால்கொழுப்பையும் ஈரலையும் சேர்த்து ஒருவருக்கு ஒருவர் ஊட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்குமேல் கையெழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். மலையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். திலேக்குக்கும் தெரியும். ஆனால் அவன் நீர்க்கட்டியை நினைத்துக்கொண்டு கேட்டுத் தொலைத்துவிட்டான். மாமனார் பேரைச் சொல்லாதது, வியாதி, பல், ஆடு என்று தான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இப்போது திரும்பி வந்து அவன் முகத்தில் அறைந்தது.

வயது முப்பத்தேழு. கல்யாணப் பேச்சை எடுத்தாலே புல் பொறுக்கக் கிளம்பிவிடுகிறவன். அம்மா அப்பா இருவரும் இல்லை, வற்புறுத்துவதற்கும் ஆள் இல்லை. அப்படிப்பட்டவன் பட்டப்பகலில், தன் வாயாலேயே பெண் கேட்டுவிட்டு, கம்பளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே," என்றான். "ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன். நான் வந்தது ஆராய்ச்சிக்கு. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

"எங்களுக்குத் தெரியாதா தம்பி? ஆராய்ச்சிதான்." கல்முரத் தங்கையைப் பார்த்துப் புன்னகைத்தார். "பார்த்தியா, எவ்வளவு நாசூக்கு."

திலேக் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த ஊரில் சம்பந்தம் பேச வருகிறவன் வாசலில் நின்று அதைச் சொல்லவே மாட்டான். காணாமல்போன குதிரையைத் தேடி வந்தேன் என்பான். வீட்டுக்காரரும் என்ன நிறம், காதில் அடையாளம் உண்டா என்று அக்கறையாக விசாரிப்பார். இரண்டு பேருக்கும் தெரியும், குதிரை கிடையாது. எவ்வளவு நேரம் ஒருவன் குதிரையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறானோ அவ்வளவு பெரிய மனுஷன். இவன் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று அடித்துச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு இவன் மேல் மரியாதை ஏறிக்கொண்டே போனது.

இனி ஒரே வழிதான் இருந்தது. தன்னைப் பற்றித் தானே கெடுத்துச் சொல்வது. அதற்குக் கஷ்டப்பட வேண்டியதில்லை, உண்மையைச் சொன்னாலே போதும்.

"எனக்குச் சம்பளம் ரொம்பக் குறைச்சல்ணே."

"படிச்சவங்களுக்கு எப்பவும் அப்படித்தான்."

"இருக்கறது ஒரே ரூம். அதுலயும் பாதி காய்ஞ்ச புல்லு."

"குதிரை வச்சிருக்கீங்களா?"

"இல்ல. புல்லு சும்மா பார்க்கறதுக்கு."

கல்முரத் கொஞ்சம் யோசித்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

"குறட்டை விடுவேன்."

"தாராளமா விடுங்க. நம்ம நாயைவிடச் சத்தமா விட்டுட முடியாது."

"சமைக்கத் தெரியாது. ரெண்டு வருஷமா முட்டைதான்."

"பாவம்," என்றார் புபுசாரா, நிஜமான வருத்தத்தோடு. ஒரு ரொட்டியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

திலேக்கின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. நகரத்தில் மூன்று வீட்டில் அந்தக் காய்ந்த புல் ஒன்றுக்காகவே அவனைக் கழித்துக் கட்டியிருந்தார்கள். இங்கே சம்பளமும் பொருட்டில்லை, அறையும் பொருட்டில்லை, குறட்டையும் பொருட்டில்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று அவன் மனசு தன்னையறியாமல் கொஞ்சம் இளகியது. வாசல் பக்கம் கனிஷாய் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் அவளுக்கு ஒரு கண் மட்டும் சுருங்கியது.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் கல்முரத். "உங்க டைரக்டர் எப்படி?"

திலேக்குக்குப் புரிந்தது. பையனுக்கு அப்பா அம்மா இல்லை. பெரியவர் ஸ்தானத்தில் இருக்கிறவரைப் பற்றிக் கேட்டுத்தான் பையனை எடைபோட முடியும். நியாயமான கேள்வி. அதிலும் பேச்சு தன்னைவிட்டு அகன்றதே என்ற சந்தோஷத்தில் அவன் தாராளமாகவே பேசினான்.

"மகா கருமிண்ணே. ஆபீஸ்ல லைட்டை அவரே போய் அணைப்பார். மீட்டிங்ல தூங்குவார். பக்கத்துல இருக்கறவங்களுக்கும் தூக்கம் வந்துடும்."

யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திலேக்குக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"ஆனா எங்க அப்பா போனப்போ," என்று தொடர்ந்தான், "நல்ல பனி. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. கூடாரத்துக்கு வெளியே நின்னு அழ ஆம்பளை ஆள் வேணுமில்ல? யாரும் கூப்பிடல, அவரே வந்தார். என் பக்கத்துல ராத்திரி முழுக்க நின்னார். அதுக்கப்புறம் ஒருநாள்கூட அதைப் பத்திப் பேசினதில்ல. திட்டும்போதுகூடச் சொல்லிக்காட்டினதில்ல."

புபுசாரா அவன் கிண்ணத்தை வாங்கி, கனிஷாய் ஊற்ற வேண்டிய டீயைத் தானே ஊற்றிக் கொடுத்தார்.

"குடிப்பாரா?" என்று கேட்டார்.

"டீ மட்டும்தான். நாலு கரண்டி சர்க்கரையோட."

"நாலு அதிகம்," என்றார் புபுசாரா. நர்ஸ் புத்தி எங்கே போகும் என்று திலேக் நினைத்துக்கொண்டான்.

பிறகு கறி வந்தது. வீட்டில் வயதில் மூத்தவர் இருக்கும்போதே, பெரிய மரியாதைக்குரியவருக்கு வைக்கிற ஆட்டுத்தலையைத் திலேக்கின் முன்னால் வைத்தார்கள். அவன் அதைப் பார்த்தான், அது அவனைப் பார்த்தது. அடுத்து, மரத்தட்டில் மெல்லிசாக நறுக்கிய வால்கொழுப்பும் ஈரலும் வந்தன.

"நான் பச்சை ஈரலைத்தாண்ணே கேட்டேன்," என்று கடைசி முயற்சியாகச் சொன்னான். "கட்டி இருக்கான்னு பார்க்கறதுக்கு."

"நான் பார்த்துட்டேன், ஒரு கட்டியும் இல்ல. சுத்தமான ஈரல்," என்றார் புபுசாரா. "இல்லேன்னா உள்ளே கொண்டுவர விட்டிருப்பேனா?"

கல்முரத் ஒரு துண்டு ஈரலையும் ஒரு துண்டு கொழுப்பையும் சேர்த்து விரல்களில் எடுத்தார். குழம்பில் தோய்த்தார். திலேக்கின் வாய்க்கு நேராக நீட்டினார்.

பெரியவர் ஒருவர் தன் கையால் ஊட்ட வரும்போது வாயை மூடிக்கொள்கிற ஜென்மம் அந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை. திலேக் வாசலைப் பார்த்தான். தூரத்தில் ஜீப் தெரிந்தது. கனிஷாயைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாப்பிடுங்க, ஆறிடும்," என்றாள்.

வாயைத் திறந்தான்.

பிறகு முறைப்படி அவனும் ஒரு துண்டு எடுத்துக் கல்முரத்துக்கு ஊட்டினான். ருசி என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது.

"இனி நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு," என்றார் கல்முரத். புபுசாரா எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தலைத்துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மகள் மேல் எவ்வளவு பாசம் என்று திலேக்கே நெகிழ்ந்துபோனான்.

மறுநாள் காலையில் எழுந்தவுடன் ஓடிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தான். ஜீப் வரைக்கும் போயும் விட்டான். சாவியைத் திருப்பினான். ஜீப் இருமியது, பிறகு அதுவும் இல்லை.

"குளிர்ல அப்படித்தான் பண்ணும்," என்ற குரல் கேட்டது. கனிஷாய் இரண்டு குதிரைகளோடு நின்றிருந்தாள். "வெயில் ஏறினா கிளம்பும். அதுவரைக்கும் பனிச்சிறுத்தைத் தடம் பார்க்கணுமா? உங்க கேள்வியில இருந்ததே."

போனார்கள். தடம் இருந்தது, பழைய தடம். ஆனால் திலேக்கின் கண் வழக்கம்போல அதற்குப் பக்கத்தில் இருந்த புல்லுக்குப் போய்விட்டது. சாம்பல் பச்சையில், நுனி சுருண்ட ஒரு புல். மண்டியிட்டு உட்கார்ந்தவன், பக்கத்தில் இன்னொருத்தரும் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தான்.

"இது மேல வரக்கூடாதே," என்றாள் கனிஷாய். "இது ஆத்தங்கரைப் புல்லு இல்ல?"

பதினான்கு வருஷத்தில் அவனிடம் ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆடு எந்தக் குளம்பில் விதையை ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், பனி எவ்வளவு முன்னால் உருகியிருந்தால் அது முளைத்திருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அவள் நடுவில் குறுக்கிட்டுச் சண்டை போட்டாள். ஓர் இடத்தில் அவன் சொன்னது தப்பு என்றாள், ஓர் இடத்தில் அவள் சொன்னது தப்பு என்று அவன் நிரூபித்தான். குதிரைகள் ஆராய்ச்சிக்குரிய புல்லில் பாதியைத் தின்றுவிட்டன.

திலேக்குக்குப் பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. ஜீப் கிளம்பாமலே இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்டு அவனே திடுக்கிட்டான்.

"டைரக்டர்கிட்டப் பேசணும்," என்றான். "இங்க சிக்னல் எங்க கிடைக்கும்?"

"அந்த மேட்டுல. வாங்க."

மேட்டில் ஏறும்போது அவள் திடீரென்று கேட்டாள். "நாரின்ல ஃபிளாட்டுல குளிர்காலத்துக்குச் சூடு சரியா வருமா?"

திலேக்கின் காது சூடாகிவிட்டது. "வரும். பைப் கொஞ்சம் சத்தம் போடும்."

"இங்கேயே இருந்து பழகினவங்களுக்கு அங்கே பிடிக்குமா?"

"பிடிக்கலேன்னா கோடையில மேல வந்துடலாம். நானே கொண்டுவந்து விடறேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க நல்லவர். நிஜமாச் சொல்றேன், எனக்கு முதல்ல இது பிடிக்கல. அப்பா சொன்ன அன்னைக்கு அழுதேன். யாரோ, எப்படியோன்னு. நேத்து நீங்க பேசினதைக் கேட்டப்புறம்தான் மனசு வந்துச்சு. எதையும் மறைக்காமச் சொன்னீங்க, குறட்டையைக்கூட."

"இப்போ சம்மதமா?" திலேக் கேட்டான்.

"முழுச் சம்மதம்," என்றாள் கனிஷாய். "நீங்க பேசுங்க. நான் குதிரையைப் பார்த்துக்கறேன்."

அவள் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். காற்றில் அவள் தலைத்துண்டு பறந்தது. முப்பத்தேழு வருஷமாக வராத சந்தோஷம் மொத்தமாகத் திலேக்கிடம் வந்து சேர்ந்தது. போனை எடுத்து எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எசென்குல் எடுத்தார்.

"என்னய்யா ஆச்சு? நேத்திலேர்ந்து போனைக் கையிலயே வச்சிருக்கேன்."

"சார், அறிக்கை நல்லபடியா வந்துடும். ஆனா அதுக்கு முன்னால ஒரு சொந்த விஷயம்."

"சொல்லு."

"எனக்கு அப்பா இல்ல. அப்பா ஸ்தானத்துல நீங்கதான். அதனால உங்ககிட்டதான் சொல்லணும்." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "நேத்து கல்முரத் அண்ணன் தன் கையால எனக்கு வாலும் ஈரலும் ஊட்டிட்டார் சார். நானும் அவருக்கு ஊட்டிட்டேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று திலேக் இன்னும் ஓரடி மேலே ஏறினான்.

"ரெண்டையுமா?" குரல் மெல்லிசாக வந்தது.

"ரெண்டும்தான் சார். எல்லாருக்கும் முழுச் சம்மதம். எனக்கும்தான். கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வந்து முன்னால நிக்கணும்."

"மாப்பிள்ளை முன்னால வந்து நிக்காம கல்யாணம் எப்படிய்யா நடக்கும்?" என்றார் எசென்குல், அழுகிற குரலில். "புபுசாரா என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சுட்டாங்கன்னு நேத்தே ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"